கூலன்ட் எங்கே போகிறது?

9 நவம்பர் 2025, ஞாயிறு

இன்று கடை விடுமுறை. கார் கழுவலாம் என்று வாளியோடு போனவன், கழுவுவதற்கு முன் சும்மா பானட்டைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் டப்பாவில், இன்ஜினைக் குளிர வைக்கிற ரோஸ் நிறத் தண்ணீர் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜூலையில் எடுத்த வண்டி. அன்று மேல்கோட்டுக்குச் சரியாக இருந்தது. டெலிவரி கொடுத்தவர் விரல் வைத்துக் காட்டினார்.

குனிந்து அடியில் பார்த்தேன். தரை காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சசியிடம் சொன்னேன். "வெயிலுக்கு ஆவியாயிருக்கும்" என்றாள். இறுக மூடிய டப்பாவிலிருந்து எப்படி ஆவியாகும்? பதினெட்டு வருடமாகச் சொட்டுநீர்ப் பைப்பு விற்கிறவனிடம் சொல்கிற பதிலா இது? நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்பில் கடுகு வெடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து நின்றாள். ஐந்து முடிந்து ஆறாம் மாதம் நடக்கிறது. இன்னும் தாளிப்பு வாசனை ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் மீன் கழுவினால் இவளுக்கு இங்கே தெரிகிறது.

ஆறாம் மாதம். எழுதிவிட்டு ஒரு தரம் படித்துப் பார்த்தேன். இதுவரை இந்த வீட்டில் யாரும் எழுதாத வார்த்தை.

16 நவம்பர்

போன வாரம் மேல்கோடு வரை ஊற்றி, அந்த மட்டத்தில் டப்பாவின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். இன்று டேப்புக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது. வாரம் முழுக்க வண்டி ஓடியதே கொஞ்சம்தான்: இரண்டு நாள் கடைக்கு, ஒரு நாள் பொம்மிடிக்கு.

19 நவம்பர்

தர்மபுரி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். முன் மேஜையில் சாயிரா என்று ஒரு பெண். வண்டியை வாங்கி மெக்கானிக்கிடம் விடுவது, என்ன குறை என்று எழுதுவது எல்லாம் அவர்தான். சுறுசுறுப்பானவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கூலன்ட் டப்பாவின் வாயில் ஒரு பம்பைப் பொருத்திக் காற்றடித்துப் பார்த்தார்கள். ஒழுக்கு இருந்தால் ஏறிய முள் இறங்குமாம். அசையவே இல்லை.

"எங்கயும் லீக் இல்ல சார். எல்லாம் நார்மல்" என்றார்.

நார்மல்.

வீடு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. மூன்று முறை நானும் சசியும் ஆஸ்பத்திரியில் கேட்ட வார்த்தை. ரத்தம் நார்மல், ஸ்கேன் நார்மல், இரண்டு பேருக்கும் எல்லாமே நார்மல். "சில பேருக்கு இப்படி ஆகும், மறுபடி முயற்சி பண்ணுங்க." மூன்று முறையும் கரு கலைந்து, வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தோம். மூன்றாவது முறை, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். யாரும் எழுந்து இடம் தரவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தத் தடவை கரு தங்கியதும் முதல் வேலையாக கார் எடுத்தது அதனால்தான்.

இதெல்லாம் எதற்கு இப்போது. கூலன்ட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

22 நவம்பர்

மறுபடி இறங்கியிருக்கிறது.

27 நவம்பர், வியாழன்

குழந்தையின் இதயத்தைப் பார்க்கிற ஸ்கேன் இன்று. அதற்கான டாக்டர் சேலத்திலிருந்து வியாழக்கிழமை மட்டும்தான் தர்மபுரிக்கு வருவார். காலையில் பார்த்தபோது டப்பாவில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. ஊற்ற மறந்துவிட்டேன் — மறந்தேனா, நேரமாகிவிட்டது என்று விட்டேனா? கடத்தூர் தாண்டியதும் மீட்டரில் சிவப்பு விளக்கு. ஓரங்கட்டி நிறுத்தினேன். முன்னால் அனல் அடித்தது. மூடியைத் திறக்கப் போனவனைச் சசி கத்தி நிறுத்தினாள். "சூட்டுல தொறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும்!"

நல்லவேளை, ஒரு புளியமரம் இருந்தது. அவளை நிழலில் உட்கார வைத்தேன். பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை. தூரத்தில் தர்மபுரி பஸ் வருவதைப் பார்த்ததும் எழுந்து ரோட்டோரம் போய்க் கையைக் காட்டிவிட்டாள்.

"தனியாவா போவ? இரு, ஆட்டோ ஏதாச்சும் புடிக்கிறேன்."

"நான் எங்கங்க தனியா போறேன்?" என்றாள். வயிற்றில் ஒரு கை. "டாக்டரு போயிட்டா இன்னும் ஒரு வாரம். நீங்க வண்டியப் பாருங்க."

கண்டக்டர் இறங்கி, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். பஸ் போய்விட்டது. நான் ரோட்டில் நிற்கிறேன். எதிரே சோளக்காடு. அந்த வண்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன். உதைத்த கால் இப்போதும் வலிக்கிறது.

ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மெல்ல ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் ஸ்கேன் அறையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தேன். முகம்தான் முதலில் சொல்லும், எனக்குத் தெரியும்.

"நாலு அறையும் நல்லா இருக்குதாங்க. நல்லா அடிக்குதாம்."

அங்கேயே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வண்டியை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு, அவளை பஸ்ஸில் கூட்டி வந்தேன்.

28 நவம்பர்

காலையில் போய் வண்டியை எடுத்து வந்தேன். வீட்டில் காவேரி அக்கா. நேற்று நடந்தது எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கிற என் கூடப் பிறந்தவள். என்னைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு இல்லாத உரிமையா?

"மாதவா, அது ராசியில்லாத வண்டிடா. எடுத்த அன்னிக்கே எனக்கு மனசு சரியில்ல. புதுசுல எங்கயாச்சும் இப்புடி ஆவுமா? புள்ள பொறக்கறதுக்குள்ள அத வூட்ட வுட்டு அனுப்பு. நஷ்டம் வந்தா வந்துட்டுப் போவுது."

சரிக்கா, பார்க்கலாம்க்கா என்று தலையாட்டினேன். ஒரு பக்கம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சசி சமையலறையில் இருந்தாள். மதியம் சாப்பிடவில்லை. கேட்டால் பசி இல்லையாம்.

29 நவம்பர்

இன்று கொட்டிவிட்டாள். சொன்னதைச் சொன்னபடி எழுதி வைக்கிறேன்.

"வண்டிய விக்கக் கூடாது. அண்ணி என்னா சொன்னாங்க, ராசியில்லன்னு. அதே வார்த்தைய எனக்கும் சொன்னாங்க, மூணாவது தடவ ஆனப்ப. என் முன்னால சொல்லல, பின்னால சொன்னாங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா? நீங்களும் அன்னிக்கு இப்புடித்தான் தலையாட்டுனீங்க."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்கு நடந்ததுக்கு யாரும் காரணம் சொல்லல. ஒடம்பு, உள்ளார என்னா நடக்குதுன்னு அவங்களுக்கே தெரியல, சரி, வுடுங்க. இது மனுசன் பூட்டுன மிஷினு. இதுக்குமா காரணம் தெரியாது? எங்கியோ ஒரு எடத்துல ஒழுவுது. அதக் கண்டுபுடிங்க. கண்டுபுடிச்சதுக்கு அப்பறம் விக்கறதுன்னா விக்கலாம்."

சரி என்றேன். இது தலையாட்டல் இல்லை.

3 டிசம்பர்

கார்த்திகை தீபம். படி இறங்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறாளா? வாசல் முழுக்க அவளே விளக்கு வைத்தாள்.

பொம்மிடியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை, கேட்டதுமே சொன்னார்: "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். கூலன்ட் இன்ஜின் உள்ளார போயி எரியுது. இன்ஜின அவுக்கணும்." ஐந்து மாத வண்டியின் இன்ஜினை அவிழ்ப்பதா?

5 டிசம்பர்

மறுபடி தர்மபுரி. கேஸ்கெட் விஷயத்தைச் சாயிராவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, அது ஒரு ஆறுதல். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, ஓடுகிற வண்டியின் கூலன்ட் டப்பா வாயில் வைத்தார்கள். இன்ஜின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறுமாம். நானும் சாயிராவும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம் நீலமாகவே இருந்தது.

"இன்ஜின் உள்ள போகல சார். அந்த பயம் வேணாம்."

பிறகு மறுபடி பம்ப். முள் அசையவில்லை. வண்டிக்குள் ஒழுகுகிறதா என்று, கால் வைக்கிற இடத்துத் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள், காய்ந்திருந்தது. சாயங்காலம் வரை ஓட்டி ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் இல்லை. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. பிறகு எங்கேதான் போகிறது?

புறப்படும்போது சாயிரா, "சார், இந்தத் தடவ நார்மல்னு எழுதல. 'காரணம் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்'னு எழுதியிருக்கேன்" என்றார். ஏனோ அது பிடித்திருந்தது. சசியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்றாள்.

12 டிசம்பர்

காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், "யாரு வூட்லங்க பாகு காச்சறாங்க?" என்றாள்.

யாரும் இல்லை. வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையிலிருந்து காற்றில் வந்திருக்கும் என்றேன். இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை.

14 டிசம்பர்

இன்றும் அதே. இந்தத் தடவை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காரின் முன்னால், பானட் இடுக்கில் குனிந்து மோந்தாள். "இங்கருந்துதாங்க வருது. வெல்லப்பாகு மாதிரி, ஆனா கொஞ்சம் கசப்பா."

நானும் மூக்கை வைத்தேன். ரப்பர், தூசி. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. போனை எடுத்துத் தேடினேன். கூலன்ட் தித்திப்பு வாசனை அடிக்குமாம்!

ஆக, வெளியேதான் வருகிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி மூக்கைவிடப் பெரிய கருவி சர்வீஸ் சென்டரில் கிடையாது என்றேன். "கிண்டலா?" என்றாள். கிண்டல் இல்லை.

சாயங்காலம் பொம்மிடிக்குப் போய் வந்ததும் மறுபடி மோந்து பார்க்கச் சொன்னேன். சூடாக இருந்தது. "இப்ப ஒன்னுமே இல்லீங்க. காத்தாலதான் அடிக்குது."

ஏன் காலையில் மட்டும்?

17 டிசம்பர்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் கடைக்கு முனியப்பன் வந்தார். மஞ்சள் பயிர் போட்டிருக்கிறவர், நம்மிடம்தான் பைப்பு வாங்கினார். கோபமாக வந்தார். "என்னங்க பைப்பு குடுத்தீங்க? காத்தால மோட்டார் போட்டா ஜாயின்ட்ல சொட்டு சொட்டுன்னு ஊத்துது. பத்து மணிக்குத் தானா நின்னு போவுது. பேய் புடிச்ச பைப்பா?"

மார்கழி பிறந்தால் வருகிற புகார்தான். வருடா வருடம் சொல்கிற பதிலைச் சொன்னேன். "பேயும் இல்ல, ஒன்னும் இல்லீங்க. குளிருக்குப் பைப்பு சுருங்கும், இறுக்கிப் புடிச்சிருக்கற கிளாம்ப் லூசாவும். வெயில் ஏறுனா பைப்பு விரிஞ்சு தானா அடைச்சுக்கும். வெயில்ல பாத்தா ஒழுக்கே தெரியா—"

அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னங்க, கரன்ட்டு போன மாதிரி நின்னுட்டீங்க?" என்றார் முனியப்பன்.

ஜூலையில் எடுத்த வண்டி. ஐப்பசியில் குளிர் இறங்கிய பிறகுதான் குறைய ஆரம்பித்தது. காலையில் மட்டும் வாசனை. நான் தர்மபுரிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, இன்ஜினைக் கொதிக்க வைத்துத்தான் பம்பிடம் கொடுக்கிறேன். எப்படித் தெரியும்? பைப்புக்காரன் என்று பேர்! ஊருக்கெல்லாம் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

முனியப்பனுக்கு இரண்டு புது கிளாம்ப் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

சாயிராவுக்குப் போன் செய்தேன். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவரே, "சார்! நீங்க எப்பவும் ஓட்டிட்டுதானே வர்றீங்க!" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டு வந்து விடுங்க. ஷெட்டுக்குள்ள வேணாம், வெளிய பனியில நிக்கட்டும். காலைல நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணாம பாத்துக்கறேன்" என்றார்.

20 டிசம்பர், சனி

நேற்று வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். இன்று முதல் பஸ்ஸில் கிளம்பினேன். சித்தேரி மலைப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, அத்தனை பனி.

சர்வீஸ் சென்டர் இன்னும் திறக்கவில்லை. சாயிரா முக்காட்டுக்கு மேல் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு கேட்டருகில் நின்றிருந்தார். "ஆறரைக்கே வந்துட்டேன் சார். எங்கம்மா, 'உனக்கென்ன பைத்தியமா'ன்னு கேட்டாங்க." வண்டியின் ஸ்டீயரிங்கில் 'ஸ்டார்ட் பண்ணக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தார். வண்டி முழுக்கப் பனி கோத்திருந்தது.

மெக்கானிக் இன்ஜினுக்குக் கீழே மூடியிருக்கிற அடித்தட்டைக் கழற்றி, டார்ச்சோடு கீழே படுத்தார். நான் குனிந்துகொண்டேன். சாயிரா பம்ப் அடித்தார். முள் ஏறி நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இன்றும் இல்லையா?

"சார், முள்ளப் பாருங்க" என்றார் சாயிரா மெதுவாக.

கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம். கீழேயிருந்து மெக்கானிக்கின் குரல்: "மேடம், வந்துருச்சு!"

நானும் தரையில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினுக்குப் பின்னால், கைக்கு எட்டாத மூலையில், கூலன்ட் ஓடுகிற ரப்பர் ஹோஸ் வந்து சேருகிற இடத்தில் கிளாம்ப் ஒரு பக்கம் கோணலாக உட்கார்ந்திருந்தது. பூட்டும்போதே கோணல். அதன் விளிம்பில் ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு. திரண்டு, தொங்கி, விழுந்தது. அடுத்தது திரண்டது. விழுந்ததெல்லாம் இத்தனை நாளும் அடித்தட்டில் விழுந்து, இன்ஜின் சூட்டில் காய்ந்திருக்கிறது. தட்டைத் திருப்பிக் காட்டினார்கள், ரோஸ் நிறத்தில் உப்பு பூத்த மாதிரி ஒரு படலம். தரைக்கு வந்தால்தானே எனக்குத் தெரிய?

ஒழுக்கைப் பார்த்து இப்படிச் சிரித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாயிராவும் சிரித்தார். மெக்கானிக் எங்கள் இருவரையும் பார்த்த பார்வை!

சசிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கிளாம்ப், கோணல், குளிர், எல்லாம்.

"அப்ப காரணம் இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சு சசி."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அன்று அழாதவள் இன்று அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பனியில் நின்றேன். அழுது முடித்துவிட்டு, "டீ கீ குடிச்சீங்களா?" என்றாள்.

புது ஹோஸ், புது கிளாம்ப். வாரண்டியிலேயே போட்டுக் கொடுத்தார்கள்.

28 டிசம்பர்

தண்ணீர் டேப்பிலேயே நிற்கிறது. நல்ல குளிர். அசையவில்லை.

2 ஜனவரி 2026

செக்கப். எடை சரி, பிரஷர் சரி. டாக்டரம்மா "எல்லாம் நார்மல்" என்றார். நானும் சசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வார்த்தைமீது இன்று கோபம் வரவில்லை.

15 ஜனவரி

பொங்கல். அக்கா கரும்போடு வந்தாள். வண்டியில் என்ன குறை இருந்தது என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். சாப்பிட்ட பிறகு, சசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, வீக்கம் பார்த்து அமுக்கிவிட ஆரம்பித்தாள்.

"அய்யோ அண்ணி, வுடுங்க."

"இரு புள்ள." அமுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நான் ஏதாச்சும் சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காத" என்றாள். எதைப் பற்றி என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

"வெச்சிருந்தேன் அண்ணி" என்றாள் சசி. "ரொம்ப நாளா வெச்சிருந்தேன்."

அக்கா அமுக்குவதை நிறுத்தவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் சசியிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று தலையாட்டியதற்கு. அக்கா போன பிறகு சொன்னேன். "தெரியுங்க" என்றாள்.

11 பிப்ரவரி

உதைக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். என் கையையே உதைத்தது.

23 பிப்ரவரி

பயமாக இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. சசி நிம்மதியாகத் தூங்குகிறாள்.

5 மார்ச், வியாழன்

பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. பிறந்ததும் கத்திய கத்து வராந்தா வரை கேட்டது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான்.

சசி கண் திறந்து, "எல்லாம் சரியா இருக்குதா? வெரலெல்லாம்?" என்றாள். இருக்கிறது. எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

10 மார்ச்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது.

பின்சீட்டில் சசியும் பாப்பாவும், முன்னால் அக்கா. தர்மபுரியிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று நின்று ஏறி இறங்கினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தே சோர்ந்து, முந்திக்கொண்டு போனது. புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு ஒருவர் மொபெட்டில் போனார். அவரும் முந்திக்கொண்டு, திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

கடத்தூர் தாண்டியதும் பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள்.

"ஏங்க" என்றாள் சசி. "புள்ளைக்குப் பசிக்குது. கொஞ்சம் அழுத்தித்தான் போங்களேன்."

அழுத்தினேன்.